காலி டிரம்மில் கேட்காத சத்தம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கம்பெனியில் எல்லோரும் அவனை எழுபத்தொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டான்.

வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவன் வேலை. பார்த்து முடித்ததும் கையிலிருக்கும் போனில் ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். பதினாலு என்றால் பெல்ட் தேய்ந்துவிட்டது. முப்பது என்றால் தண்ணீர் போகிற குழாயில் அடைப்பு. எழுபத்தொன்று என்றால் கோளாறு இல்லை, புகார் முடிக்கப்பட்டது. பதினெட்டு வருஷ சர்வீஸில் அந்த எழுபத்தொன்றை அவனைப்போல அள்ளி வீசியவன் வேறு யாருமில்லை. ஒரே நாளில் பத்தொன்பது புகாரை முடித்தான் என்று ஆண்டுக் கூட்டத்தில் மேடையேற்றிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்பது கம்பெனிச் சட்டம். துணி போட்டு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆகவே காலி டிரம்மை இரண்டு நிமிஷம் சுற்றவிடுவான். காதைக் கொடுப்பான். சத்தம் இராது. எழுபத்தொன்று.

"நேத்துகூட கடகடன்னு அடிச்சுதுங்க" என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

"இப்ப அடிக்கலையே."

"நீங்க வந்தா மட்டும் எப்படித்தான் வாயைப் பொத்திக்குதோ!"

"என்னைப் பார்த்தா அதுக்குப் பயம்" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். நல்ல சிரிப்பு, வயிறு குலுங்குகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பாதிப் புகார் தானாகவே அடங்கிவிடும்.

அப்புறம் அவன் பித்தப்பையில் கல் வந்தது. வயிற்றில் நாலே நாலு சின்ன ஓட்டை போட்டு, பையோடு கல்லையும் உருவி எடுத்தார்கள். அறுத்த டாக்டர் அந்தக் கற்களை ஒரு குட்டிப் புட்டியில் போட்டு, பரிசு தருவதுபோல நீட்டினார். மனைவி அதை அலமாரியில் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று வாரம் ஓய்வு. தையல் ஆறியது, தழும்பு மங்கியது, பசி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

வலது விலாவுக்குக் கீழே, தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடம். அங்கே வலித்தது. எடை தூக்கினால், குனிந்து நிமிர்ந்தால், இருமினால், சிரித்தால், உள்ளேயிருந்து யாரோ நூலைக் கோத்து வெடுக்கென்று இழுத்ததுபோலச் சுண்டும். உயிர் போய்த் திரும்பி வரும். வந்த பிறகும் அரை நாள் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருக்கும்.

முதலில் அறுத்த டாக்டரிடமே போனான். அவர் படம் எடுத்துப் பார்த்தார். "ஆபரேஷன் ரொம்ப அழகா வந்திருக்கு" என்றார். அழகுப் போட்டிக்கா போனான் இவன்? வலிக்கிறது என்றான். "வலிக்கக் கூடாதே" என்றார் அவர், ஏதோ இவன் சட்டத்தை மீறிவிட்ட மாதிரி.

அடுத்து வயிற்று டாக்டர். தொண்டை வழியாகக் கேமராவை விட்டு, உள்ளே பளபளவென்று இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அடுத்தவர் முதுகெலும்பைப் பார்த்தார். அதற்கடுத்தவர் ரத்தத்தைப் பார்த்தார். ஒருத்தராவது இவன் முகத்தைப் பார்த்தார்களா என்றால், அதுதான் இல்லை. எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?" முதல் தடவை அடக்கமாக ஆறு என்றான். ஆறு என்றால் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது என்றார்கள். அடுத்த இடத்தில் எட்டு என்றான். "மிகைப்படுத்துகிறார்" என்று சீட்டில் எழுதினார்கள். ஏழு என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தான்.

மன நல டாக்டரிடமும் போனான். அவர் ஒருவர்தான் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்க மனசு நல்லாத்தான் இருக்கு, வயித்தைத்தான் காட்டணும்" என்று வயிற்று டாக்டருக்கே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வலி வரும்போதெல்லாம் தேதி, நேரம், அளவு போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். எழுதினான். பதினாலு மாதத்தில் மூன்று நோட்டு நிறைந்தது. எந்த டாக்டரும் முதல் பக்கத்தைத் தாண்டிப் புரட்டவில்லை.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மனைவியின் அண்ணன் வந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருக்கும். அலமாரியிலிருந்த புட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான்.

"மாப்ளே, கல்லு இதோ இங்க இருக்கு. அப்புறம் அங்க என்ன வலி?"

"அதான் மச்சான் தெரியலை."

"எல்லாம் நெனப்புதான். நான் முதுகு வலியை எப்படி விரட்டினேன்? கண்டுக்கவே இல்லை. நீயும் கண்டுக்காதே."

கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினான். இவன் தலையாட்டிக்கொண்டே விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

மனைவி அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்தாள். முதல் ஆறு மாதம் காலையில் எழுந்ததும், சாயங்காலம் வந்ததும், "வலிக்குதாங்க?" என்று கேட்டாள். "வலிக்குது" என்பான். வெந்நீர்ப் பை வைத்தாள், தைலம் தடவினாள், விடுப்பெடுத்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். எத்தனை நாள்தான் ஒருத்தி ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே பதிலை வாங்குவாள்? ஏழாவது மாதம் கேட்பதை விட்டுவிட்டாள். அது இவனுக்குத் தெரிந்தது. கேட்காததுதான் ரொம்ப வலித்தது, ஆனால் அதை எந்த நோட்டில் எழுதுவது?

ஒரே ஒரு நாள் மட்டும் அவளுக்கு வாய் தவறியது. தொலைக்காட்சியில் ஏதோ வேடிக்கை ஓட, அவள் விழுந்து விழுந்து சிரிக்க, இவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். "பித்தப்பையோட உங்க சிரிப்பையும் சேர்த்து எடுத்துட்டாங்களா?" என்றாள். சிரித்தால் வலிக்கும் என்று அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஏற்கெனவே சொல்லிச் சலித்த பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இத்தனைக்கும் அவன் கேட்டது பெரிய வரமல்ல. கம்பெனியின் பட்டறையில் மேஜை வேலை என்று ஒன்று இருந்தது. உட்கார்ந்த இடத்தில் சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். எழுபது கிலோ மெஷினை இழுக்க வேண்டாம், நாலு மாடி ஏற வேண்டாம். அந்த மேஜையில் ஒரு நாற்காலி காலியாகவும் இருந்தது. ஆனால் அதில் உட்கார ஒரு காகிதம் வேண்டும்: இந்த ஆளுக்கு வலி உண்டு, எடை தூக்கக் கூடாது என்று கம்பெனி மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். காகிதம் கிடைத்தால் பிழைத்தான். கிடைக்காவிட்டால் பழையபடியே தெருத்தெருவாகத் தூக்கிச் சுமக்க வேண்டும், முடியாத அன்று தானாகவே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

மருத்துவக் குழு என்று பேர்தானே தவிர உள்ளே இருந்தது ஒரே டாக்டர். வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். இவன் முறை வந்ததும் நோட்டுப் புத்தகங்களை எடுத்து நீட்டினான். டாக்டர் அவற்றை வாங்கி ஓரமாக வைத்து, அதன் மேல் தன் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

"படுங்க. மூச்சை விடுங்க. வயித்தை லூசா விடுங்க."

படுத்தான். டாக்டர் அங்கே இங்கே அமுக்கினார்.

"வலிக்குதா?"

சோதனைக்கென்றே வந்த நாளில், அந்தப் பாழாய்ப்போன வலி வாயைப் பொத்திக்கொண்டது! வயிறு பஞ்சுமாதிரி கிடந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பதினாலு மாதம் உண்மையைச் சொல்லியே நம்பாதவர்களிடம் பொய்யை எந்த முகத்தோடு சொல்வது?

"லேசா. இப்ப அவ்வளவா இல்லை சார். தூக்கும்போதுதான்..."

"இங்க எதைத் தூக்கச் சொல்றீங்க?" என்றார் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி. "அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

காகிதம் கையோடு கிடைத்தது. 'குறிப்பிடத்தக்க கோளாறு ஏதும் இல்லை. பணிக்குத் தகுதியானவர். விண்ணப்பம் முடிக்கப்பட்டது.' படிக்கட்டில் நின்று அதைப் படித்தான். எங்கேயோ பார்த்த வாசகமாயிருக்கிறதே என்று பார்த்தால், பதினெட்டு வருஷமாகத் தன் விரலால் தட்டிய அதே வாசகம். உள்ளே போய் வெளியே வர எத்தனை நிமிஷம் ஆனது என்று பார்த்தான். பதினொன்று. டாக்டர் இவனைவிட ஒரு நிமிஷம் சுறுசுறுப்பு. அந்த எண்ணத்தில் சிரிப்பு வந்தது, சிரித்தான், சுண்டியது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அப்போது மட்டும் டாக்டர் வெளியே வந்து பார்த்திருந்தால்! அவர் எங்கே வரப் போகிறார், பதினேழு பேர் இன்னும் மிச்சம்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் கூப்பிட்டார். நிமிஷக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவர் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பேர்.

"தகுதின்னு வந்துடுச்சாமே, சந்தோஷம். இன்னைக்கு முதல் புகார் உனக்குத் தெரிஞ்ச இடம்தான். டொக்கம்மா."

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு கிளம்பியது. டொக்கம்மா என்றால் கம்பெனி முழுக்கத் தெரியும். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஐம்பது வயது அம்மாள். மெஷின் வாங்கி இரண்டு வருஷம். ஐந்து புகார், ஐந்துக்கும் போனவன் இவன்தான், ஐந்தும் எழுபத்தொன்று. மெஷின் டொக் டொக் என்று தட்டுகிறது என்பதுதான் புகார். இவன் போய்ச் சுற்றவிட்டால் அது பூனைமாதிரி ஓடும்.

படி ஏறும்போதே இரண்டு தடவை நின்றான். அந்த அம்மாள் கதவைத் திறந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர் பிழைப்பு. சாட்சி இருமினால் இருமல் என்றுகூட எழுத வேண்டுமாம். அப்படிப்பட்ட காதைத்தான் கம்பெனி ஐந்து தடவை நம்பவில்லை.

"வாங்க தம்பி. இந்தத் தடவையும் காலியா சுத்தவிட்டுட்டுப் போயிடுவீங்களா?"

அவன் பையை இறக்கி வைத்தான். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். தேதி, நேரம், எத்தனை டொக். பக்கம் பக்கமாக, கோடு போட்டு, திருத்தமான கையெழுத்தில். அவன் முதல் பக்கத்தைப் பார்த்தான். வழக்கமாக அங்கேயே மூடிவிடுவான். என்னவோ தோன்றி அடுத்த பக்கத்தைப் புரட்டினான், அதற்கடுத்ததையும் புரட்டினான். நின்றபடியே கடைசி வரை படித்தான். நடுவில் ஒரு பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன மேடம்?"

"அதுவா? நாலாவது தடவை நீங்க கோளாறு இல்லைன்னு எழுதிட்டுப் போனதும் என் தம்பி பயந்துட்டான். அக்காவுக்குக் காதுல ஏதோ கேக்குதுன்னு ரெண்டு காது டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனான். காதும் நார்மல், மெஷினும் நார்மல். அப்ப நான்தான் நார்மல் இல்லைபோல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் குரல் கொஞ்சம் பிசிறியது. "ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், துணி போட்டுப் பாருங்கன்னு."

இவனுக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை வயிற்றில் இல்லை.

"துணி போடுங்க மேடம்" என்றான். "நிறைய போடுங்க. கம்பளி இருந்தாலும் போடுங்க."

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டில் விரிப்பு, துண்டு, திரைச்சீலை என்று வீட்டிலிருந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு வந்தார். மெஷினில் போட்டு மூடினான். ஒன்றேகால் மணி நேரம். இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது நிமிஷம் போன் அடித்தது, கடிகாரம். எடுக்கவில்லை. இருபதாவது நிமிஷம் மறுபடியும் அடித்தது. போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான். அந்த அம்மாள் தேநீர் கொடுத்தார்.

அறுபத்திமூன்றாவது நிமிஷம், ஊறிக் கனத்த துணியோடு டிரம் வேகமெடுத்தபோது, கேட்டது.

டொக்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டொக், டொக், டொக். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "கேக்குதா தம்பி? உங்களுக்கும் கேக்குதா?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கேக்குது அக்கா" என்றான். மேடம் எப்போது அக்கா ஆனார் என்று அவனுக்கே தெரியாது.

மெஷினை நிறுத்தி, பின்தகட்டைக் கழற்ற அதை முன்னால் இழுத்தான். அவ்வளவுதான், பொத்தான் இடம் சுண்டியது. இழுத்த நிலையிலேயே சிலையாகி நின்றான். அந்த அம்மாள் மறுபக்கம் பிடித்து இழுத்து மெஷினை நகர்த்திவிட்டு, அவனை முக்காலியில் உட்கார வைத்தார்.

"என்ன ஆச்சு?"

சொன்னான். ஆபரேஷன், பதினாலு மாதம், இத்தனை டாக்டர், நேற்றைய காகிதம். யாரும் கேட்காததால் சுருக்கமாகச் சொல்லவே அவனுக்குப் பழகியிருந்தது.

"நேத்து அந்த டாக்டர் எப்படிப் பார்த்தார்?"

"படுக்க வெச்சு, வயித்தை லூசா விடச் சொல்லி, அமுக்கிப் பார்த்தார்."

"ஓ, காலி டிரம்மா!" என்றார் அந்த அம்மாள்.

இத்தனை டாக்டர்கள், இத்தனை படம், இத்தனை சீட்டு. ஒருத்தர்கூட எதையாவது தூக்கச் சொல்லிவிட்டுத் தொட்டுப் பார்க்கவில்லை. அதைச் சொல்லும் வாய் தனக்கு உண்டா என்று பார்த்தால், அதுவும் இல்லை. எத்தனை வீடு, எத்தனை எழுபத்தொன்று! எத்தனை பேரைக் காது டாக்டரிடம் அனுப்பினானோ!

வலி கொஞ்சம் தணிந்ததும் பின்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தான். டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே, அடியில், விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டு கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் புது மெஷினின் முதுகில் நாலு போல்ட் போட்டிருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை. வீட்டில் பொருத்துகிறவன் நாலையும் கழற்றி, நாலு உறையையும் எண்ணி வெளியே எடுக்க வேண்டும். ஒன்றை உள்ளே நழுவவிட்டிருக்கிறான். காலியாக ஓடினால் தொட்டி அந்த உறையைத் தொடாது. துணி பாரத்தில் ஆடினால் போய் இடிக்கும்.

"எந்த மடையன் பொருத்தினான்?" என்று கேட்டுக்கொண்டே உத்தரவாத அட்டையை வாங்கிப் பார்த்தான். போல்ட் நான்கு, உறை நான்கு, சரிபார்த்தேன் என்று போட்டு, கீழே கையெழுத்து. கையெழுத்து அவனுடையது.

விற்பனை சூடுபிடித்து, பழுது பார்ப்பவர்களையும் பொருத்த அனுப்பி, ஒரு நாளைக்கு ஒன்பது மெஷின் பொருத்திய காலம் அது. எண்ணாமலே நாலு என்று எழுதியிருக்கிறான். உள்ளே விட்டுத் தைத்தவனும் அவனே, கோளாறு இல்லை என்று ஐந்து தடவை சான்று கொடுத்தவனும் அவனே.

போனை எடுத்தான். தட்ட வேண்டிய எண் இரண்டில் ஒன்று. ஐம்பத்திரண்டு என்றால் வெளிப்பொருள், அதாவது வீட்டுக்காரர் எதையோ உள்ளே போட்டுவிட்டார். எல்லோரும் தட்டுவது அதுதான். யாருக்கும் சேதமில்லை, பழி மட்டும் இந்த அம்மாள் தலையில். இன்னொன்று தொண்ணூற்று நான்கு, பொருத்தியவர் பிழை. அந்த எண்ணை யாரும் தட்டி அவன் பார்த்ததில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யாருக்குப் பைத்தியம்? தட்டினால் வேலையே போகும் என்று பேச்சு.

"தம்பி, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார் அந்த அம்மாள். "சத்தம் இருந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. என் தம்பிகிட்ட காட்டணும்."

நேற்று அவன் கேட்டதும் அதே ஒரு வரிதான். தொண்ணூற்று நான்கைத் தட்டினான். கீழே குறிப்பில், 'சத்தம் உண்டு. முதல் நாளிலிருந்தே உண்டு. வாடிக்கையாளர் சொன்னது அத்தனையும் உண்மை' என்று எழுதினான். இனி வேலை போனால் போகட்டும் என்று படி இறங்கினான், மூன்று தடவை நின்று நின்று.

மூன்றாம் நாள் விசாரணை. கடிகாரம் தடிமனான விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஏன்யா இப்படிப் பண்ணின? ஐம்பத்திரண்டு போட்டுட்டு வந்திருக்கலாமே. பதினெட்டு வருஷப் பேரைக் கெடுத்துக்கிட்டியே."

இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மேல ஒத்துக்கலை. விதின்னா விதி." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "பொருத்துவதில் பிழை செய்த ஊழியர் இரண்டு ஆண்டு காலத்துக்கு வாடிக்கையாளர் வீடுகளுக்குச் செல்லத் தகுதியற்றவர். அக்காலம் முழுவதும் அவர் பட்டறையில் மேஜைப் பணியில் அமர்த்தப்படுவார்."

அவனுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகமாக இருந்தது. "இன்னொரு தடவை படிங்க சார்" என்றான்.

"கஷ்டமாத்தான் இருக்கும், என்ன பண்றது? எடை தூக்கற வேலை எதுவும் உனக்குக் கிடையாது. மனசைத் தேத்திக்கோ."

வெளியே வந்தால், பதினாலு மாதமாக அவன் வலியைப் பார்த்து உச்சுக்கொட்டாதவர்கள் எல்லாம் வரிசையில் நின்று தோளைத் தட்டினார்கள். "தைரியமா இருங்கண்ணே" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் கட்டிப்பிடித்தே விட்டான். உள்ளே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் வலிக்கும், சிரித்தால் தண்டனையும் பறிபோகும். உதட்டைக் கடித்து, மூஞ்சியை இழவு வீட்டு மூஞ்சியாக வைத்துக்கொண்டு வீடு வரை வந்தான்.

மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. விசாரணை என்று தெரியும், மூன்று நாளாக அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

"என்னங்க சொன்னாங்க? போச்சா?"

"தண்டனை குடுத்துட்டாங்க."

"என்ன தண்டனை?"

"ரெண்டு வருஷம் எதையும் தூக்கக் கூடாதாம். மேஜைல உட்கார வெச்சுட்டாங்க."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "நீங்க கேட்ட மேஜையா?"

"அதே மேஜை. அதே நாற்காலி. வலிக்குதுன்னு கேட்டப்ப இல்லை. தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னதும் இந்தா உட்காருன்னுட்டாங்க."

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. சோப்புக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பதினாலு மாதமாகக் கட்டிவைத்த சிரிப்பு, பழைய சிரிப்பு, வயிறு குலுங்கக் கிளம்பியது. இரண்டாவது குலுக்கலில் சுண்டியது. அப்படியே மடங்கி மேஜை விளிம்பைப் பிடித்தான். சிரிப்பும் நிற்கவில்லை, வலியும் நிற்கவில்லை, கண்ணில் நீர் கொட்டியது.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். இப்படி வலி வந்து பிடிக்கிற அதே நொடியில் அவனை அவள் பார்த்ததே இல்லை. எப்போதும் வலி வந்து போன பிறகு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் பார்த்திருக்கிறாள். கிட்டே வந்தாள்.

"சிரிச்சாலும் வலிக்குமா? ஏன் சொல்லவே இல்லை?"

அவன் பேச முடியாமல் அவள் கையைப் பிடித்து விலாவுக்குக் கீழே, அந்தப் பொத்தான் இடத்தில் வைத்துக்கொண்டான். உள்ளே ஏதோ வெடுக்கென்று துள்ளி அடங்கியது அவள் விரலுக்குத் தெரிந்தது. மறுபடியும் துள்ளியது. சட்டையெல்லாம் சோப்பு நுரை. அவள் கையை எடுக்கவில்லை.

ஏழெட்டு மாதமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"வலிக்குதாங்க?"

"வலிக்குது" என்றான்.

"ஆமா" என்றாள் அவள். "வலிக்குது."